48 மணி நேரத்திற்குப் பின்

சென்ற கோடை விடுமுறையில் யான் திண்டிவனத்திலுள்ள எம் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அண்டை வீட்டுப் புறக்கடையில் இரு மூங்கிற் கழிகள் இடுப்பளவு உயரத்தில் இணையாகக் கட்டப்பட்டிருக்கக் கண்டேன். அவற்றினிடையே இளங்கொத்தனார் ஒருவர் கைகளை ஊன்றி நிற்க, அவர்தம் மனைவியார் தரையிற் குந்தி, கணவரின் வலக்காலை இரு கையாலும் எடுத்து முன்னே வைத்தார், பின்னர் இடக்காலை. பத்தடி செல்லுமுன் அவ்வம்மையார் களைத்துப் போயினார். கணவரோ, “இன்னொரு நடை” என்றார்.

நெடுஞ்சாலையைக் கடக்கையில் வண்டி மோதி முதுகுத்தண்டிற் காயமுற்றவர் அவர். தண்டு முற்றும் அறுபடாமையால் பயிற்சியினால் ஓரளவு நடை மீளலாமென்று மருத்துவர் கூறினராம். அப்பயிற்சியை எங்கே, யாரிடம், எத்தனை நாள் பெறுவது என்பதைக் கூறினாரில்லை.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் வாழ்வோர்க்கு விபத்து புதிய செய்தியன்று. எமக்கு அணித்தான மேல்மருவத்தூரிலேதான் 2021 டிசம்பர் 18-ஆம் நாள் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் அரசுத் திட்டம் தொடங்கப்பெற்றது. விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, அது இலவசமாக்கிற்று. இதனை மனமாரப் போற்றுகின்றேன். என் அண்டை வீட்டாரைப் போன்றோர் பலர் உயிரோடிருப்பது இத்தகைய ஏற்பாடுகளாலன்றோ! ஆயினும் நடை மீள்வது மணிக்கணக்கில் அன்று, திங்கட்கணக்கில்.

நிற்க. இக்காலத்தே ‘ரோபோ’ நடைப்பயிற்சிப் பொறிகள் வந்துள்ளன. 1990-களில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் உருப்பெற்ற ‘லோக்கோமாட்’ அவற்றுள் பேர்பெற்றது. நோயாளரைக் கச்சைகளால் தூக்கி உடற்சுமையைக் குறைத்து, கீழே ஓடும் பட்டையின்மேல் நிறுத்தி, கால்களோடு பிணைத்த இயந்திரக் கரங்களால் அடிமேல் அடியாக நடத்துவது அதன் முறை. எஞ்சிய நரம்பு வழிகள் மீண்டும் மீண்டும் நடந்தே நடையைக் கற்க வேண்டும். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான அடிகளைக் களைப்பின்றி எடுத்து வைப்பது மனிதக் கைக்கு அரிது.

இப்பொறி அற்புதம் செய்யும் என்று யான் கூறவில்லை. பக்கவாதத்தால் நடை இழந்தோர் முதல் மூன்று திங்களுக்குள் பிசியோதெரபியோடு இதனையும் சேர்த்துப் பயின்றால் தாமே நடக்கும் வாய்ப்பு மிகுமென ஆய்வுகள் காட்டுகின்றன. முதுகுத்தண்டுக் காயத்திலோ, தேர்ந்தவர் தரையில் அளிக்கும் பயிற்சியினும் பொறி மேம்பட்டதென்பது நிலைநாட்டப்படவில்லை. “அங்ஙனமாயின் இவ்வளவு பொருட்செலவு எற்றுக்கு?” என்பாருளர். அவர்தம் ஒப்பீடே பிழை. ஆய்வகத்தில் பொறிக்கு எதிரே நிற்பவர் தேர்ந்த பயிற்சியாளர். எம் ஊரில் நிற்பவரோ இடுப்பொடிந்த ஒரு மனைவி.

சாக்கடைக் குழியில் மனிதன் இறங்காதவாறு பொறி செய்த திருவனந்தபுரத்து இளைஞர்களே ‘ஜி-கெய்ட்டர்’ என்னும் நடைப்பயிற்சிப் பொறியையும் ஆக்கினர். கேரளத்தில் அரசு மருத்துவமனையிலும் அது இடம்பெற்றது. எம் மாவட்டத்தில் அதற்கு உரிய இடம் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே என்பது என் துணிபு. நெடுந்தொலைவு கடந்து சென்னையில் மாதக்கணக்கில் தங்கக் கூலித்தொழிலாளர்க்கு இயலுமோ?

எனினும் பொறி மட்டும் வந்து துணி போர்த்திக் கிடப்பதினும் வாராதிருத்தலே நன்று. அதனை இயக்கப் பயின்றவரும், இன்னார்க்கு இது பயன்படும், இன்னார்க்குப் பயன்படாது என்று மெய் கூறும் மருத்துவரும் உடன் வேண்டும். வேலூரின் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையாரை ஈண்டு நினைக்கின்றேன். 1954-இல் விபத்தில் கால்கள் செயலற்றும், சக்கர நாற்காலியிலமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தவர். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றக் காரணமானவர். அவர்க்கு நடை மீளவில்லை, தொழில் மீண்டது. நடை மீளாதோர்க்குரிய வழியையும் அதே கூடத்திற் காட்டுதல் வேண்டும்.

வீட்டிற்கே பிசியோதெரபியாளரை அனுப்பும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இலேயே தொடங்கிற்று. வாரம் மும்முறை முண்டியம்பாக்கத்தில் பொறி, ஏனைய நாட்களில் வீட்டில் அப்பயிற்சியாளர், போக்குவரவுக்கு நோயாளர்க்கும் துணைவர்க்கும் வண்டிச் சத்தம்: இம்மூன்றையும் ஒரே திட்டமாக அரசு எழுதுக. மூன்றாவதைச் சிறிதென்று விடுவாராயின், ஏனைய இரண்டும் எம் தெருவிற்கு வாரா. யான் விடுமுறை முடிந்து புறப்பட்ட வைகறையிலும் அப்புறக்கடையில் அவ்வம்மையார் குந்தியிருந்தார்.