கண்ணை மூடச் சொல்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இப்போது தியானம் மலிந்துவிட்டது. ஆலய மண்டபத்தில், பாடசாலையில், அலுவலகத்தில், தொண்டு நிறுவனத்தின் ஒருநாள் செயலமர்வில், கையிலிருக்கும் தொலைபேசியில் என்று எங்கு திரும்பினாலும் யாரோ ஒருவர் நம்மைக் கண்ணை மூடச் சொல்கிறார். மூச்சைக் கவனி, உடலைக் கவனி, வருகிற எண்ணத்தை வரவிடு, போகிறதைப் போகவிடு என்கிறார். இதன் சந்தைப் பெயர் 'மைண்ட்புல்னஸ்'. விழிப்புநிலைத் தியானம் என்று தமிழாக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் கட்டணம் உண்டு, சில இடங்களில் தேநீரும் வடையும் தருகிறார்கள். நான் சென்ற இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எவரும் எழுப்பியதில்லை. இதனால் ஒருவருக்குக் கெடுதி வருமா? நான் எழுப்பியபோது, சிவநிந்தை செய்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

வரும். எல்லோருக்கும் அல்ல, ஆனால் வரும்.

அமெரிக்காவில் ஜோன் கபாட்-சின் என்பவர் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளருக்காக இப்பயிற்சியைத் தொடங்கியது 1979இல். மனச்சிதைவு நோய்க்கு ஏற்கனவே ஆளாகியிருந்தவர்கள் சிலருக்குக் கடுந்தியானத்தின்போது நோய் மீண்டும் வெடித்ததை அந்நாட்டின் உளமருத்துவ இதழொன்று வெளியிட்டதும் அதே 1979இல்தான். முதற்செய்தி உலகெங்கும் போயிற்று. இரண்டாவது செய்தி நூலகத்தில் உறங்கிற்று. 2017இல் பிரவுண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டால், பிரிட்டன் முதலிய ஆய்வாளர்கள், தியானம் பழகியோரையும் பழக்கியோரையும் கண்டு பேசி, 59 வகை அனுபவங்களைப் பட்டியலிட்டார்கள். காரணமற்ற அச்சம், உறக்கமின்மை, பழைய அதிர்ச்சிகள் திரும்ப நிகழ்தல், தன் உடல் தன்னுடையதல்ல என்ற உணர்வு, பாசம் வற்றிப்போதல் எல்லாம் அப்பட்டியலில் உள்ளன. அவர்களிடம் பேசியவர்களுள் முன்னர் எந்த உளநோயும் இல்லாதவர்களும் இருந்தார்கள். 2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய இன்னொரு குழு, நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஏதோவொரு பாதகம் நேர்வதாகக் கணித்தது. ஆய்வின் முறைக்கேற்ப இவ்வெண் பெரிதும் கூடிக் குறைகிறது. அதைவிடக் குறைந்த வீதத்தில் வரும் ஒவ்வாமைகளைக்கூட மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுக் காகிதத்தில் அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தியானத்துக்குத் துண்டுக் காகிதம் கிடையாது.

இவையெல்லாம் வெள்ளைக்காரனின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் வாதம்.

இந்தக் குடாநாட்டில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பலாலியில் எறிகணை புறப்படும் ஓசை கேட்டதும், அது எங்கே விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியவர் அவர். பொம்மரின் இரைச்சலையும் ஹெலியின் இரைச்சலையும் உறக்கத்திலேயே பிரித்தறியப் பழகியவர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த அந்தச் சனசமுத்திரத்தில் நின்றவர். இவருக்கு விழிப்பு குறைவு என்று எந்த மூடன் சொன்னான்? போர் முடிந்து இத்தனை ஆண்டுகளான பின்னும் விழிப்பு அடங்க மறுப்பதுதான் இவர் நோய். கதவு அடித்தால் உடல் துள்ளுகிறது. இதயம் படபடத்தால் அது பங்கருக்குள் கேட்ட அதே படபடப்பு. அந்த மனிதரை ஒரு பாயில் இருத்தி, கண்ணை மூடி நெஞ்சின் துடிப்பைக் கவனியும், மூச்சுத் திணறினால் அதையும் கவனியும் என்றால் என்ன நடக்கும்? பலருக்கு ஒன்றும் நடக்காது. சிலருக்குச் சற்று இதமாகவும் இருக்கும். ஒருசிலருக்குப் பங்கரின் மூடி திறந்துகொள்ளும்.

அப்படி ஒன்றை நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வலிகாமத்தில் ஒரு மண்டபம். நடத்தியவர் யார், எந்த அமைப்பு என்பது இங்கே வேண்டாம். மின்சாரம் நின்று, வெளியே ஜெனரேற்றர் இயங்கத் தொடங்கியது. மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா வியர்த்து, நடுங்கி, எழுந்து வெளியே போய்விட்டார். பயிற்சியாளர் தம் குரலின் இனிமை குறையாமல், "எதிர்ப்பு வருவது நல்ல அறிகுறி, அதனுடனேயே இருங்கள்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். வெளியே போன அம்மாவைத் தேடி அவர் குழுவில் ஒருவரும் போகவில்லை. தேநீர் தருபவர்தான் தண்ணீர் கொடுத்தார். மாலையில் எல்லோருக்கும் சான்றிதழ் வழங்கினார்கள். அந்த அம்மாவின் பெயரையும் வாசித்தார்கள்.

'எதிர்ப்பு நல்ல அறிகுறி' என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நலமானால் தியானத்தால் நலம். நலம் கெட்டால் உம் பயிற்சி போதாது. எப்போதும் தோற்காத இப்படியொரு வைத்தியத்தை நான் சோதிடர்களிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்.

தியானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதே யாழ்ப்பாணத்தில், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் சாந்தியாசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் மந்திர உச்சாடனத்தையும் நோயாளருக்குப் பயன்படுத்தினார். சைவருக்கு ஓம், கிறிஸ்தவருக்கு யேசுவின் நாமம் என்று, அவரவர் நெஞ்சில் ஏற்கனவே ஊறியிருந்த சொல்லையே எடுத்துக்கொண்டார். மனவடுவைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல் எழுதிய மருத்துவர் அவர். முன்னால் இருப்பவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டறிந்தபின் மருந்தைப் போல அளந்து கொடுக்கும் துறையைச் சேர்ந்தவர். ஐம்பது பேரை வரிசையில் இருத்தி ஒரே அளவில் ஊற்றுவதற்கும் அதற்கும் என்ன உறவு?

பௌத்தத்திலிருந்து வந்தது என்பதால் எதிர்க்கிறேன் என்றும் எவரும் எண்ணவேண்டாம். பௌத்த நூல்களே என் பக்கம் நிற்கின்றன. வைசாலியில் புத்தர் உடலின் அருவருப்பைத் தியானிக்கும் முறையைப் போதித்துவிட்டு இரண்டு வாரம் தனித்திருக்கப் போனார். பிக்குகள் தம் உடலை வெறுத்து, ஒரே நாளில் முப்பது பேர்வரை உயிர்விட்டதாகப் பாளி நூல் கூறுகிறது. திரும்பிவந்த புத்தர், கூட்டம் ஏன் குறைந்துவிட்டது என்று கேட்டார். காரணம் அறிந்து, அதற்குப் பதிலாக மூச்சைக் கவனிக்கும் முறையைக் கற்பித்தார். பாதகத்தை மறைக்காமல் எழுதிவைத்த மரபு அது. நம் மரபும் அப்படித்தான். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியை ஊர் விசரன் என்றது. யோகர் சுவாமி போன்ற சிலருக்கே அவர் குருவாகத் தெரிந்தார். ஞானமும் விசரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் என்பதை அறிந்த ஊர் இது. அதனால்தான் குருவின் அருகிலிருந்து பல்லாண்டு பழகவேண்டும் என்று பெரியவர்கள் விதித்தார்கள். அந்த விதியைக் கழற்றி எறிந்துவிட்டு, பயிற்சியை மட்டும் எடுத்து விற்கிறோம்.

பிரித்தானியாவின் அரச வழிகாட்டல் 2009இல் இப்பயிற்சியைப் பரிந்துரைத்தது உண்மைதான். யாருக்கு? மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளாகி, அவ்வேளையில் நலமாக இருப்பவர்களுக்கு. அதே நாட்டில் பாடசாலை மாணவர் 8,000க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த பேராய்வின் முடிவு 2022இல் வந்தது: வழமையான கற்பித்தலைவிட இது மேலானதாக இல்லை, ஏற்கனவே உளநலம் தளம்பியிருந்த பிள்ளைகளுக்குச் சற்றுப் பாதகமாகவே இருந்தது. நமது நாட்டிலும் 'சதி பாசல' போன்ற அமைப்புகள் பாடசாலைகளுக்குள் இதைக் கொண்டுபோகின்றன. வடக்கின் அதிபர்கள் அந்த ஆய்வை ஒருமுறையாவது படிக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இக்கணத்தில் வாழுங்கள் என்று காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாருக்குப் போதிக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது பிள்ளை எங்கே என்பதை. அந்தக் கேள்விக்கு விடைசொல்ல வேண்டியவன் அரசு. விடை வராத இடத்தில் மூச்சுப் பயிற்சியை வைப்பது சிகிச்சையா, வாயடைப்பா?

நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. வருகிறவரிடம் உறக்கம் எப்படி, முன்பு உளநோய்க்கு மருந்து எடுத்தீரா, போரில் என்ன நேர்ந்தது என்று தனியாகக் கேளுங்கள். கண்ணைத் திறந்து வைத்திருக்கவும், எழுந்து போகவும் உரிமை உண்டு என்று தொடங்குமுன் சொல்லுங்கள். எழுந்து போகிறவரின் பின்னால் ஒருவர் போகட்டும். ஒரு மாதம் கழித்து ஒருமுறை விசாரியுங்கள்.

பழகிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு சொல். உறக்கம் கெட்டால், பழைய காட்சிகள் பகலிலும் வந்தால், நீங்கள் உங்களுக்கே அந்நியராகத் தோன்றினால், தியானத்தை அன்றே நிறுத்திவிடுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் உளநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். போய்த் தியானத்தால் வந்தது என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள்.