ஜிபிஎஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சாக்பீஸ் வாங்குங்க

ஜியோகேஷிங் பத்தி யார்கிட்ட சொன்னாலும் முதல் ரெண்டு நிமிஷம் ஆர்வமா கேப்பாங்க. மூணாவது நிமிஷம் அந்தக் கேள்வி வந்துடும்: "சரி மச்சி, இதுக்கு எந்த ஜிபிஎஸ் வாங்கணும்?" நாம இன்ஜினியரிங் பசங்க. எதை ஆரம்பிச்சாலும் ஸ்பெக் ஷீட்ல இருந்துதான் ஆரம்பிப்போம். கிட்டார்ல ஒரு கார்டு பிடிக்கத் தெரியறதுக்கு முன்னாடியே முப்பது கிட்டார் ரிவ்யூ பார்த்து முடிச்சிருப்போம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆரம்பிக்கிறவங்க தனி ஜிபிஎஸ் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பாக்கெட்ல இருக்கிற ஃபோன் போதும். இதைக் காசு மிச்சம் பண்ற அறிவுரையா எடுத்துக்காதீங்க. கணக்கு போட்டுப் பார்த்தாலும் இதுதான் விடை. அந்தக் கணக்கு கீழே வருது. அதுக்கு முன்னாடி, இது என்ன விளையாட்டுன்னே தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்.

ஒரு கறுப்பு வாளியில ஆரம்பிச்ச கதை

2000-ம் வருஷம் மே மாசம் வரைக்கும், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்கா வேணும்னே கொஞ்சம் கெடுத்துத்தான் அனுப்பிட்டு இருந்தது. கருவி காட்டுற இடம் 100 மீட்டர் வரைக்கும் தள்ளிப் போகலாம். மே 1-ம் தேதி அதை நிறுத்தறதா அதிபர் கிளின்டன் அறிவிச்சார். ஒரே ராத்திரியில உலகத்துல இருந்த எல்லா ரிசீவரும் பல மடங்கு துல்லியமாயிடுச்சு.

மே 3-ம் தேதி, டேவ் உல்மர்ங்கிற கம்ப்யூட்டர் கன்சல்டன்ட், ஆரிகன் மாநிலத்துல பீவர்கிரீக் ஊர்ப் பக்கம் காட்டுல ஒரு கறுப்பு வாளியை ஒளிச்சு வைச்சு, அதோட அட்சரேகை தீர்க்கரேகையை இன்டர்நெட்ல போட்டார். மூணு நாளுக்குள்ள ரெண்டு பேர் கண்டுபிடிச்சுட்டாங்க. அதே மாசக் கடைசியில ஜியோகேஷிங்னு பேரு வந்தது. இன்னைக்கு உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேல டப்பாக்கள் ஒளிஞ்சிருக்கு.

அந்த டப்பாவுக்குப் பேருதான் கேஷ். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்ல வர்ற கேஷ் மெமரியோட அதே சொல். உள்ள காசு இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க. ஒரு சின்ன நோட்டு கட்டாயம் இருக்கும். கண்டுபிடிச்சவங்க பேரும் தேதியும் எழுதிட்டு, இருந்த இடத்துலயே திரும்ப வைச்சுட்டு வரணும். பெரிய டப்பான்னா சாவிக்கொத்து, பொம்மை மாதிரி சின்னச் சின்னப் பொருட்கள் இருக்கும். ஒண்ணு எடுத்தா, சமமான மதிப்புல இன்னொண்ணு வைக்கணும். பூட்டு கிடையாது, காவலும் கிடையாது. விரல் நுனி அளவு டப்பாவும் உண்டு, பெரிய பெட்டியும் உண்டு. தேடுறது எவ்வளவு கஷ்டம், நடை எவ்வளவு கஷ்டம்னு ரெண்டுக்கும் 1-ல இருந்து 5 வரைக்கும் மார்க் போட்டிருப்பாங்க.

இப்போ அந்தக் கணக்கு

ஃபோன் மேப்ல நீல வட்டம் வருதே, அதுக்கு அர்த்தம் என்ன? திறந்த வெளியில ஃபோன் ஜிபிஎஸ் சராசரியா 5 மீட்டர் அளவுக்குத் துல்லியமா இருக்கும். ஆண்ட்ராய்டுல "5 மீட்டர்"னு காட்டினா, நீங்க நிஜமா நிக்கிற இடம் அந்த வட்டத்துக்குள்ள இருக்க 68 சதவீதம் வாய்ப்புன்னு அர்த்தம். அதாவது மூணுல ஒரு தடவை நீங்க வட்டத்துக்கு வெளியில நிப்பீங்க. புள்ளி காட்டுற இடத்துல டப்பா இல்லைன்னா, பெரும்பாலும் ஃபோன் கெட்டுப்போகலை. அது முதல்லயே சொன்னதைத்தான் செய்யுது.

இதுல பலரும் மறக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. டப்பாவை ஒளிச்சவரும் ஒரு கருவியை வைச்சுத்தான் இடத்தைக் குறிச்சார். அவர் கருவிக்கும் பிழை உண்டு. அவருக்கு 5 மீட்டர், உங்களுக்கு 5 மீட்டர்னு வைங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு பிழையை எப்படிக் கூட்டணும்னு முதல் வருஷ லேப்லயே படிச்சோம்: வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். 25 கூட்டல் 25, அதோட வர்க்கமூலம் சுமார் 7. ஏழு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தோட பரப்பு 150 சதுர மீட்டருக்கு மேல. கிட்டத்தட்ட ரெண்டு பேட்மிண்டன் கோர்ட்.

இப்போ பல ஆயிரம் ரூபாய் கொடுத்து நல்ல கருவி வாங்கிட்டீங்க. உங்க பிழை 3 மீட்டரா குறைஞ்சிடுச்சு. 9 கூட்டல் 25, வர்க்கமூலம் 5.8. தேட வேண்டிய பரப்பு ஒண்ணேகால் கோர்ட்டுக்குக் கொஞ்சம் மேல. மூணுல ஒரு பங்கு குறையுதுதான், மறுக்கலை. ஆனா உங்க கருவி எவ்வளவு உசத்தியா இருந்தாலும் அது உங்க பக்கத்துப் பிழையை மட்டும்தான் குறைக்கும். ஒளிச்சவரோட அஞ்சு மீட்டரை எந்தக் கடையிலயும் காசு கொடுத்துக் குறைக்க முடியாது. மிச்சமிருக்கிற ஒண்ணேகால் கோர்ட்ல, கல் இடுக்குலயோ வேலிக்கம்பிக்குப் பின்னாடியோ இருக்கிற கட்டைவிரல் அளவு டப்பாவைக் கண்டுபிடிக்கப் போறது உங்க கண்ணுதான்.

அனுபவசாலிங்க கடைசிப் பத்து மீட்டர்ல திரையைப் பார்க்கிறதையே நிறுத்திடுவாங்க. "நான் ஒளிச்சு வைக்கிறவனா இருந்தா இங்க எங்க வைப்பேன்?"னு யோசிப்பாங்க. தேவையில்லாம அடுக்கி வைச்ச கல், இடத்துக்குப் பொருந்தாத ஒரு ஆணி, கொஞ்சம் புதுசா தெரியுற ஒரு மரத்துண்டு. இந்தப் பார்வை நிறைய டப்பா தேடினாத்தான் வரும்.

இருக்கிற ஃபோனை ஒழுங்கா பயன்படுத்த

தப்பா போற இடம் பெரும்பாலும் எண் எழுதுற முறைதான். ஜியோகேஷிங்ல டிகிரியும், மூணு தசமத்தோட நிமிஷமும் எழுதுவாங்க. அட்சரேகையில ஒரு நிமிஷம் சுமார் 1,852 மீட்டர்; அதனால மூணாவது தசமத்துல ஒரு எண் மாறினா 1.85 மீட்டர் தள்ளும். மேப் ஆப்ல நாம பார்க்கிறது தசம டிகிரி. 13 டிகிரி 00.600 நிமிஷம்னா தசமத்துல 13.01000. அதை அவசரத்துல 13.00600-னு அடிச்சீங்கன்னா கிட்டத்தட்ட 450 மீட்டர் தள்ளிப் போய், வேற தெருவுல வேற யாரோ வீட்டு மதிலைத் தடவிட்டு இருப்பீங்க. எந்தக் கருவி வாங்கினாலும் இந்தத் தப்பு கூடவே வரும்.

ரெண்டாவது, கட்டடங்கள். ஒளி ஒரு நானோசெகண்டுல 30 சென்டிமீட்டர் போகும். சிக்னல் ஹாஸ்டல் சுவர்ல பட்டுத் திரும்பி 10 நானோசெகண்ட் லேட்டா வந்தா, அந்தச் சாட்டிலைட்டோட தூரம் 3 மீட்டர் தப்பாகும். அதனால உயரமான கட்டடங்களுக்கு நடுவுல நின்னு எண்ணை நம்பாதீங்க. வானம் தெரியுற இடத்துக்கு வந்து, ஒரு நிமிஷம் அசையாம நின்னு, அப்புறம் பாருங்க. எல்1, எல்5-னு ரெண்டு அலைவரிசையையும் வாங்குற ஃபோன்கள்ல இந்தத் தொல்லை குறைவு. 2018-ல ஷாவ்மி மி 8 அதைக் கொண்டுவந்தது. இப்போ பல ஃபோன்கள்ல இருக்கு. உங்க ஃபோன்லயே இருக்கலாம், ஸ்பெக் ஷீட் வெறியை அங்க காட்டுங்க.

மூணாவது, மேப்பைக் கிளம்புறதுக்கு முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்குங்க. ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, சிம் கூடத் தேவையில்லை. வீட்ல சும்மா கிடக்கிற பழைய ஃபோன்ல ஆஃப்லைன் மேப் போட்டா அதுவே ஒரு தனி ஜிபிஎஸ் கருவி. நெட் இல்லாம முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். காந்தம் வைச்ச கவரைக் கழட்டிடுங்க, அது திசைகாட்டியைக் குழப்பும்.

அப்போ தனி கருவி யாருக்கு?

தனி கருவியே வேஸ்ட்னு நான் சொல்லலை. மலையில, காட்டுல ஒரு நாள் முழுக்க நடக்கிறவங்களுக்கு அது வேணும். காரணம் துல்லியத்தை விடப் பாதுகாப்பு. வழி தவறினா உதவி கேக்க இருக்கிறது ஃபோன் ஒண்ணுதான். டப்பா தேடித் தேடி அதோட சார்ஜை 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தறது புத்திசாலித்தனம் இல்லை. கார்மின் இட்ரெக்ஸ் மாதிரி கருவிகள் ரெண்டு டபுள்-ஏ பேட்டரியில ஓடும். தீர்ந்தா பெட்டிக்கடையில வாங்கி மாத்திக்கலாம். மழைத் தண்ணி தாங்கும், ஈரக்கையில பட்டன் அழுத்தலாம், வெயில்ல திரை தெரியும். இந்தத் தேவையெல்லாம் உங்களுக்கு நிஜமாவே வந்த பிறகு வாங்குங்க. பேட்டரி மட்டும்தான் கவலைன்னா ஒரு பவர் பேங்க் போதும்.

வாங்கும்போது ஒரு விஷயத்துல கண்டிப்பா கவனமா இருங்க. சாதாரண ஜிபிஎஸ் ரிசீவர் சாட்டிலைட் சொல்றதைக் கேக்க மட்டும் செய்யும். சில மாடல்கள் சாட்டிலைட் கூடத் திரும்பப் பேசும், மெசேஜ் அனுப்பும். நம்ம நாட்டுல அனுமதி இல்லாம அந்த மாதிரி சாட்டிலைட் கருவி வைச்சிருக்கிறது குற்றம். கார்மின் இன்ரீச் கருவியோட வந்த வெளிநாட்டுப் பயணிகளை ஏர்போர்ட்லயே பிடிச்சு விசாரிச்சிருக்காங்க. ஜிபிஎஸ்மேப் 67-க்கும் 67ஐ-க்கும் பேருல ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து இருக்கிறதுல இன்ரீச் இருக்கு. அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பாகிட்ட "வரும்போது ஒரு ஜிபிஎஸ் வாங்கிட்டு வாங்க"ன்னு மொட்டையா சொல்லாதீங்க. அவர் ஆசையா உசத்தி மாடலா பார்த்து வாங்கிட்டு வருவார். சென்னை ஏர்போர்ட்ல மாட்டப் போறது அவர்.

நம்ம ஊருக்குத் தேவை ஒளிச்சு வைக்கிறவங்க

அமெரிக்காவுலயும் ஜெர்மனியிலயும் நடந்தா கால்ல இடிக்கிற அளவுக்குக் கேஷ் இருக்கு. இங்க அப்படி இல்லை. தேடுறவங்களை விட ஒளிச்சு வைக்கிறவங்கதான் நமக்குத் தேவை. அதுக்குக் கருவி எதுக்கு? வேற வேற நாள்ல நாலஞ்சு தடவை போய், ஃபோன்ல ரீடிங் எடுத்து, சராசரி போட்டாலே போதும். சாட்டிலைட்டுகள் இடம் மாறிக்கிட்டே இருக்கிறதால ஒவ்வொரு நாள் பிழையும் வேற வேற பக்கம் இழுக்கும், சராசரியில பெருமளவு அடங்கிடும். மேலே போட்ட கணக்குல "ஒளிச்சவரோட அஞ்சு மீட்டர்" இருந்ததே, அதைக் குறைக்க இருக்கிற வழி இதுதான். செலவு இல்லை, பொறுமை மட்டும் வேணும்.

ஆனா விதியை மதிங்க. இடத்துக்கு உரியவங்ககிட்ட அனுமதி வாங்கணும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. ரெண்டு டப்பாவுக்கு நடுவுல குறைஞ்சது 161 மீட்டர் இருக்கணும். சாப்பிடுற பொருள் வைக்கக் கூடாது, குரங்கும் எலியும் நமக்கு முன்னாடி கண்டுபிடிச்சிடும். ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், கோயில், ஏர்போர்ட் பக்கமே போகாதீங்க. 2011-ல இங்கிலாந்துல வெதர்பிங்கிற சின்ன ஊர்ல, ஒரு கஃபே வாசல்ல வைச்ச கேஷை வெடிகுண்டுன்னு நினைச்சு தெருவையே காலி பண்ணி, நிபுணர்களை வரவழைச்சு வெடிக்க வைச்சாங்க. இந்த விளையாட்டு நல்லாத் தெரிஞ்ச நாட்டுலயே அந்தக் கதி. இங்க ஒருத்தர் செய்ற கவனக்குறைவு போதும், இது மொத்தமா கெட்ட பேர் வாங்கிடும். உள்ள என்ன இருக்குன்னு தெரியுற மாதிரி டப்பா வைங்க. மேல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இது என்னன்னு எழுதி ஒட்டுங்க.

கேம்பஸ்லயே ஆரம்பிக்கலாம். ஒரு மரத்தடியில நின்னு ஜிபிஎஸ் எண்ணைக் குறிச்சுக்குங்க. ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேர்கிட்ட எண்ணை மட்டும் கொடுங்க, எந்த மரம்னு சொல்லாதீங்க. அவங்கவங்க ஃபோன் "வந்துட்டே"ன்னு காட்டுற இடத்துல தரையில ஒரு குறி போடச் சொல்லுங்க. அஞ்சு குறியும் மரத்துல இருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்னு ஒரு டேப் வைச்சு அளந்து பாருங்க. அதுக்கப்புறமும் ஜிபிஎஸ் வாங்கணும்னு தோணினா தாராளமா வாங்குங்க. இந்தச் சோதனைக்கு ஆகுற செலவு ஒரு சாக்பீஸ்.