சிதம்பரம் இராமலிங்கம் எழுதிய கடிதங்கள்: ஒரு மறுப்பு

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எமிலி டிக்கின்ஸனின் கடிதங்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அதில் போகிறபோக்கில் ஒரு தீர்ப்பும் இருந்தது. ஒதுங்கி வாழ்ந்த கவிஞன், அவன் ஒரே வாசகனுக்கென்று எழுதிய உரைநடை, அதைப் பேணிக்காத்த அந்த வாசகன், இந்த மூன்றும் கூடிவரும் கலாசாரம் நம்முடையதல்ல என்பது அவர் கட்சி. 2024இல் ஹார்வர்ட் வெளியிட்ட புதிய பதிப்பை அவர் வாசித்திருக்கிறார். சந்தோஷம். 1931 முதல் 1958 வரை பாடுபட்டு ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பன்னிரண்டு புத்தகங்களாகக் கொண்டுவந்த திருவருட்பாவை அவர் புரட்டிப் பார்த்ததில்லை. அதில் கடிதங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. 'திருமுகம்' என்ற தலைப்பைக் கண்டதுமே விபூதி வாசனை அடிக்கிறது என்று நம்மவர்கள் மூடிவிடுகிறார்கள்.

டிக்கின்ஸன் 1862 ஏப்ரலில் ஹிக்கின்ஸன் என்ற பத்திரிகை எழுத்தாளருக்கு நான்கு கவிதைகளை அனுப்பி, இவற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டாள். அவசரப்பட்டு அச்சேற்ற வேண்டாம் என்ற தொனியில் அவர் பதில் எழுதினார். அவள் உயிரோடிருந்தவரை பத்துச் சொச்சம் கவிதைகளே அச்சாயின. அதே காலத்தில், 1860ஐ ஒட்டி, சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார், கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் ஒதுங்கியிருந்த இராமலிங்கத்திடம் பாடல்களைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். கொடுக்கும்வரை ஒருநாளைக்கு ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்றும் இருந்துவிட்டார். அங்கே வாசகன் கவிஞனைத் தடுத்தான். இங்கே வாசகன் பட்டினி கிடந்து கவிஞனைப் பணியவைத்தான். பாடல்களை அனுப்புகிறேன், முதலில் இரண்டு வேளையும் சாப்பிடுங்கள் என்ற பொருளில் இராமலிங்கம் எழுதிய கடிதம் இருக்கிறது. நவீனத் தமிழிலக்கிய வரலாற்றில் வாசகனைப் பற்றி இதைவிட முக்கியமான தஸ்தாவேஜு எனக்குத் தெரிந்து இல்லை. 1867இல் முதல் நான்கு திருமுறைகள் அச்சானதன் பின்னால் இருப்பது இந்தச் சாப்பாட்டுத் தகராறுதான்.

பக்தர்களும் கடிதத்தைக் கடிதமாகப் படிக்கவில்லை. அவர்களுக்கு அது சன்னதிப் பொருள். நம் நவீனவாதிக்கோ அது லௌகிகச் சமாச்சாரம்: உடம்பு எப்படியிருக்கிறது, மனசைத் தளரவிடாதீர்கள், கடிதம் கிடைத்தது. இதில் இலக்கியம் எங்கே என்று கேட்கிறார். டிக்கின்ஸன் ரொட்டி சுட்டதையும் கண்வலிக்கு வைத்தியம் பார்த்ததையும் எழுதினால் மட்டும் அது அனுபவத்தின் செறிவாகிவிடுகிறது. இந்தப் பாரபட்சத்துக்கு ரசனை என்று பெயர் வைக்க வேண்டாம்.

உரைநடையைப் பார்ப்போம். 1854இல் அச்சான 'மநுமுறை கண்ட வாசகம்' இராமலிங்கத்தின் உரைநடைதான். அடுக்கடுக்காக ஏறி மூச்சுமுட்ட வைக்கும் வாக்கியங்கள். சபைக்கு எழுதியது அது. கடிதங்களிலும் தலைப்பில் சம்பிரதாயம் குறைவில்லை. வடமொழி அடைமொழிகள் வரிசையாக வந்து நிற்கும். அதைத் தாண்டியதும் வாக்கியம் சட்டென்று தரையில் கால் ஊன்றுகிறது. எதிரே ஒரு முகம் தெரிகிறது. அலங்காரத்திலிருந்து அவசியத்துக்கு நடக்கும் இந்த இறக்கம்தான் என்னைப் பிடித்தது.

இந்த இறக்கத்தை வேறெங்கே பார்க்கிறேன் என்று சொன்னால் நண்பர் சிரிப்பார். நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை பழவேற்காட்டில் இருக்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து மனுக்கள் வருகின்றன. உயர்திரு மேலாளர் சமூகத்துக்கு என்று தொடங்கி, தாழ்மை, பணிவு எல்லாம் இரண்டு வரி. மூன்றாவது வரியில், 2023 டிசம்பர் புயலில் வலை போயிற்று, தவணை கட்ட முடியவில்லை. அதற்குமேல் ஒரு சொல் இருக்காது. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலையிடலாம் என்பதைச் சில குப்பங்கள் 'பாடு' என்ற முறையால் வகுத்துக்கொள்கின்றன. அதில் ஒரு பெயர் தவறினால் ஒரு குடும்பத்தின் அன்றைய மீன் போயிற்று. இந்த மனிதர்கள் சொல்லை வீணாக்காததற்கு அழகியல் காரணம் எதுவுமில்லை. கருங்குழிக் கடிதங்களில் உள்ள தமிழுக்கு நம் புதுக்கவிதைக் காரர்களைவிட இவர்களே நெருங்கிய உறவு.

உறவு வெறும் உவமைக்காகவும் சொல்லவில்லை. இராமலிங்கத்தின் தாய் சின்னம்மையின் ஊர் பொன்னேரியை ஒட்டிய சின்னக்காவணம். புருஷன் இறந்ததும் கைக்குழந்தையோடு அவள் திரும்பிவந்தது அங்கேதான். பிறகுதான் சென்னை, ஏழுகிணறு. பொன்னேரியைக் கடந்து வரும் ஆரணியாறு இந்த ஏரியில்தான் விழுகிறது. இங்கே 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு, கல்லறைகள் நிற்கின்றன. ஆனால் துணி விலையும் கப்பல் வரவும் பற்றி அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதிக்கொண்டவை ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வியாபாரிக்குத் தன் கடிதத்தின் மதிப்புத் தெரிந்திருக்கிறது. நம் கவிஞனின் கடிதம் பிழைத்ததற்குக் காரணம், அதைத் தூக்கிப்போடாத சில தனிமனிதர்களும், தேடித்தேடி வாங்கி அச்சேற்றிய ஓர் அறநிலைய அதிகாரியும்தான். இரத்தின முதலியார் எழுதிய பக்கம் நம்மிடம் இல்லாததால் பாதிப் பேச்சைத்தான் கேட்கிறோம். அமெரிக்காவிலும் இதே கதைதான். டிக்கின்ஸனுக்கு வந்த கடிதங்களை அவள் இறந்ததும் தங்கை லவீனியா எரித்துவிட்டாள். அந்த மௌனத்தைப் பற்றி அங்கே புத்தகங்கள் எழுதுகிறார்கள். இங்கே இந்த மௌனம் யாருக்கும் உறைக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கடிதம் பெயரைப் பற்றியது. நூல் அச்சாவதற்கு முன், தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகப் படுகிறது என்று அவர் எழுதினார். கடிதங்களில் அவர் இடும் கையெழுத்து 'சிதம்பரம் இராமலிங்கம்'. அவ்வளவுதான். சாமியை விலக்கினார்கள். அதற்குப் பதிலாகத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867 முகப்பில் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று அச்சடித்தார். அடக்கத்துக்காக எழுதிய கடிதத்தின் பலன் அதைவிட நீளமான பட்டம். கூடவே ஆறுமுக நாவலர் தரப்பின் கண்டனம், மஞ்சக்குப்பம் கோர்ட், அருட்பா மருட்பா என்று ஒரு தலைமுறைச் சண்டை. நூலின் பெயரும் ஆசிரியரின் பட்டமும் அந்தச் சண்டையில் சின்ன விஷயங்களல்ல. ஆறாம் திருமுறை அவர் காலத்தில் அச்சேறவே இல்லை, 1885இல்தான் வந்தது. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் படித்தால், அது ஒரு துறவியின் பணிவு மட்டுமில்லை என்று தெரியும். தன் எழுத்து தன் கையைவிட்டுப் போகும் கணத்தில் ஓர் எழுத்தாளன் தன் பெயருக்காகப் பேரம் பேசுகிறான். தோற்கிறான். டிக்கின்ஸனின் கவிதைகளுக்கு 1890இல் பதிப்பாளர்கள் தலைப்பு வைத்ததையும் நிறுத்தற்குறிகளைத் திருத்தியதையும் பற்றிக் கண்ணீர் விடும் நண்பருக்கு, இது ஏன் கண்ணில் படவில்லை?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. இந்தக் கடிதங்களைப் பாடல்களின் வாலாகத் தொங்கவிடாமல், தேதி வரிசையில் 1860களின் பாடல்களோடு பக்கம்பக்கமாக வைத்துப் படிக்க வேண்டும். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படித்து உருகிய வட்டம் இது. நூறு வருஷம் பின்னே போனால் கால் சுடுமா? அடுத்த இதழில் நண்பர் பதில் எழுதட்டும். ஆனால் திருமுகப் பகுதியை வாசித்துவிட்டு எழுதட்டும். பிரதி கிடைக்கவில்லை என்றால் என்னிடம் இருப்பதைத் தபாலில் அனுப்புகிறேன். திருப்பித் தர வேண்டும்.