மூப்பரும் கண்காணியும்

“பிரஸ்பிட்டேரியன் திருச்சபையா? அது சீனர் கோயில்” என்று சுங்கை பாக்காப் வட்டாரத்தில் ஒரு சொல்லில் தள்ளிவிடுவோர் உளர். மலேசியாவில் அச்சபையாருள் பெரும்பாலோர் சீனர் என்பது மெய். தமிழ்க் கிறித்தவருள் மிகுதியானோர் பிற சபைகளைச் சார்ந்தோர் என்பதும் மெய். ஆயினும் ஒரு பெயரின் பொருளை, அதனைத் தாங்குவோரின் இனத்தைக் கொண்டு அறுதியிடுதல் மொழி கற்றோர்க்கு அழகாகாது. பிரஸ்பிட்டேரியன் என்பது ஓர் ஆட்சிமுறையின் பெயர்.

பிரஸ்புட்டெரோஸ் என்னும் கிரேக்கச் சொல்லைத் தமிழ் விவிலியம் ‘மூப்பர்’ என்று பெயர்த்தது. எப்பிஸ்கோப்போஸ் என்னும் சொல்லைக் ‘கண்காணி’ என்று பெயர்த்தது. பின்னதே பேராயர் பதவிப் பெயருக்கு வேர். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம், 17ஆம் வசனத்தில் எபேசு சபையின் மூப்பரைப் பவுல் அழைப்பிக்கிறார். 28ஆம் வசனத்தில் அவர்களையே கண்காணிகள் என்கிறார். எனவே இரண்டும் ஒரே பணி; மூப்பர்க்கு மேல் தனியொரு கண்காணி தேவையில்லை என்பதே பிரஸ்பிட்டேரியரின் வாதம்.

இவ்வாதத்தின் கூர்மையை உணரத் தோட்டத் தமிழர்க்கு உரை வேண்டுவதில்லை. செபராங் பிறையில் கரும்பும் பின்னர் ரப்பரும் வளர்த்த மக்கள் ‘கண்காணி’ என்ற சொல்லின் சுமையைத் தோளில் தாங்கியவர்கள். தோட்டக் கண்காணி துரைக்கு விடை சொன்னான். தொழிலாளிக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன். சபை மூப்பரோ மக்களால் தெரிந்தெடுக்கப்படுபவர். போதகரும் மூப்பரும் ஒரே மன்றத்தில் அமர்ந்து சபையை நடத்துவர். அம்மன்றத்தின்மேல் வட்டார மன்றமும், அதன்மேல் பேரவையும் உண்டு. எந்தப் படியிலும் ஆள்வது அவையே, தனியொருவர் அல்லர்.

நிபோங் திபாலை அடுத்துள்ள கலிடோனியா தோட்டம் ஸ்காட்லாந்தின் பழம்பெயரைத் தாங்குவது. அந்நாடே இம்முறைக்குப் பெருநிலம். அங்கே 1560இல் ஜான் நாக்சும் அவர்தம் தோழரும் வகுத்த ஒழுங்கு நூல், மூப்பரை ஆண்டுதோறும் தெரிந்தெடுக்கச் சொன்னது. நெடுநாள் பதவியில் இருப்போர் சபையின் உரிமையைக் கவர்ந்துகொள்வர் என்று காரணமும் காட்டியது. கோயில்தோறும் ஒரு பள்ளியாசிரியர் வேண்டுமென்று விதித்ததும் அந்நூலே. பின்னாளில் மூப்பர் பதவி வாழ்நாள் பதவியாயிற்று எனினும், முதல் எச்சரிக்கை பொய்யாகிவிடவில்லை.

1843இல் அவ்வுரிமைக்குச் சோதனை வந்தது. சபையார் விரும்பாத போதகரை நிலக்கிழார்கள் அமர்த்தலாமா என்ற வழக்கில், 450க்கும் மேற்பட்ட போதகர்கள் ஊதியத்தையும் இல்லத்தையும் துறந்து வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். சென்னையில் 1837இல் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவர்கள் பக்கமே நின்றார். அப்பள்ளியே வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆயிற்று. ஆகவே இம்முறை தமிழ் மண்ணுக்குப் புதிதென்பார் வரலாறு அறியாதார். 1908இல் அச்சபையார் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தனர். 1947 செப்டம்பர் 27இல் அது தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. அங்கே பேராயர் பதவி ஏற்கப்பட்டது. ஆயினும் பேராயரைத் தெரிவு செய்வதில் மன்றங்களுக்குப் பங்கு உண்டு.

“பலர் கூடிப் பேசினால் பணி நடவாது, திறமையுள்ள ஒருவர் போதும்” என்று வாதிடுவோர் உளர். திறமையுள்ளவர் தவறும்போது தட்டிக் கேட்பவர் யார்? அவருக்குப்பின் வருபவர் திறமையற்றவராயின் சபை என் செய்யும்? தாமதம் ஒரு குறையே. கேள்வி முறையின்மை அதனினும் பெரிய கேடு. “மூப்பு என்பது வயதுதானே” என்பாரும் உளர். வயது தானே வருவது. பொறுப்பு பிறர் நம்பித் தருவது.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) வாரிய உறுப்பினரைக் குடவோலையால் ஓராண்டிற்கு அமர்த்தின. கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கின. அது அந்தணர் ஊர். உரிமை எல்லார்க்கும் இருந்ததில்லை. எனினும் கணக்குக் கேட்கும் உரிமையே ஆட்சியின் உயிர் என்பதை அந்த ஊரார் கல்லில் வெட்டி வைத்தனர்.

ஆதலின், தேர்தலும் கணக்கும் கூட்டு முடிவும் இல்லாத சபை, வாயிலில் எப்பெயரை எழுதினும் பிரஸ்பிட்டேரியன் சபை ஆகாது. அவ்வளவில் நின்றுவிடுவதும் நேர்மையன்று. தலைவர் நாற்காலியைக் குடும்பச் சொத்தாக வைத்திருக்கும் தமிழ்ச் சங்கமும், ஆண்டுக் கூட்டம் கூட்டாத ஆலய நிருவாகமும், பெற்றோர்க்குக் கணக்குக் காட்டாத பள்ளி வாரியமும் இதே உரைகல்லில் தேய்க்கத்தக்கனவே. மாணவர்க்கு ‘மூப்பர்’ என்ற சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனோடு கணக்குக் கேட்கும் துணிவையும் கற்பிப்பாராக. அத்துணிவு இல்லாத இடத்தில் மூப்பர் இரார், கண்காணிகளே இருப்பர்.