உப்பள வழியில் தபால் பை

கடிதங்கள் குறைந்துவிட்டன என்பதனாலேயே தபால் ஆபீசின் பிரயோஜனமும் குறைந்துவிட்டது என்று தீர்மானிப்போர், வேதாரண்யம் போன்றதொரு சிறு நகரத்துத் தபால் ஆபீசை, அதனைச் சூழ்ந்த அகஸ்தியம்பள்ளி, தோப்புத்துறை, கோடியக்காடு, கோடியக்கரை முதலிய ஊர்களோடு சேர்த்து நோக்கியவர்கள் அல்லர். 1880-இல் மணியார்டரும், 1882-இல் சேமிப்பு வங்கியும் ஏற்பட்ட நாள் தொட்டே அந்த ஸ்தாபனம் கடிதத்தோடு காசையும் சுமந்து வந்திருக்கிறது. கடிதம் குறைந்த இந்நாளில் காசின் சுமை குறையவில்லை.

614810 என்ற பின்கோடு எண் ஒரு தபாலை வேதாரண்யம் வரையில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதற்கப்பால், கதவிலக்கம் இல்லாத குடியிருப்பில் இன்னார் மகள் இன்னார் என்று அறிந்து கொடுப்பது தபால்காரரின் ஞாபகமே.

1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த அந்தப் பூமியில், இன்றும் உப்பளத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு மூதாட்டி, தன் வங்கிக் கணக்கின் பணத்தைப் பெறுவதற்காகத் தபால்காரர் நீட்டும் சிறு கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைக்கும்போது, உப்புநீரில் ஊறி ரேகை தேய்ந்த அவ்விரலை அது ஏற்க மறுக்க, “ஆத்தா, நல்லாத் தொடைச்சிட்டு இந்த விரலை வையி” என்று அவர் ஒவ்வொரு விரலாகப் பொறுமையுடன் வைத்துப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் காரியத்தை எந்தப் புள்ளிவிவரத்தில் சேர்ப்பது?

தந்தி 2013-இல் நின்றது. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைந்தது. இவை காலத்தின் மாறுதல்கள் என்று ஏற்கலாம். ஆனால் கிராம அஞ்சல் ஊழியரை நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரப் பணியாளர் என்று விதியில் எழுதி, அவருக்கு வேறு ஜீவனோபாயமும் இருக்க வேண்டும் என்று நிபந்தனையிட்டு, அதே மனிதரிடம் வங்கியையும் காப்பீட்டையும் ஒப்படைப்பது நியாயமாகாது. அவருக்கு முழு ஊதியமும் ஓய்வூதியமும் அளிப்பது தர்மம் அன்று, கடன்.

வருமானம் போதவில்லை என்று கிளை அஞ்சலகங்களைச் சுருக்க நினைக்கும் அதிகாரிகள், கடித எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, கோடியக்கரையிலிருந்து வேதாரண்யத்துக்கு வந்து திரும்பும் பஸ் கட்டணத்தையும், அதற்காகப் போகும் ஒரு நாள் கூலியையும் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும்.