வலி வந்த பின்னரா வைத்தியம்?

எவ்வூரிலாயினும் பல் வைத்தியசாலையின் வாயிலில் ஒரு காலைப் பொழுது நின்று நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். கன்னத்தைக் கையால் தாங்கி, இரவெல்லாம் உறக்கமின்றிக் கண் சிவந்து வந்திருப்போரே அங்கு மிகுதி. நோவில்லாத காலத்தில் பற்களைப் பரீட்சித்துக்கொள்ள வருவோர் மிகச் சிலரே. நம் ஜனங்களைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வது முன்யோசனையன்று, வலியே. இது நம் தேசத்துக்கு நன்மையன்று.

பல்வலி நோயின் தொடக்கமன்று, அதன் முதிர்ச்சி. நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேலோட்டைச் சிறிது சிறிதாய்க் கரைக்கிறது. மேலோட்டில் நரம்பில்லையாதலால் நெடுநாள் யாதொரு நோவும் தோன்றாது. கேடு உள்ளிருக்கும் நரம்பறையை எட்டியபின், அங்குண்டாகும் வீக்கம் விரிய இடமின்றி நரம்பை நெருக்குகிறது. அப்பொழுதுதான் நோயாளி அலறுகிறான். கிராம்புத் தைலமும் மாத்திரையும் வேதனையைச் சற்றே அடக்குமேயன்றி நோயைத் தீர்க்கா. வலி தானே நின்றதும் குணமாயிற்றென்று மகிழ்வோரும் உளர். அது பெரும்பாலும் நரம்பு மடிந்ததன் அடையாளம். வேரடியில் சீழ் வளர்கிறது. ஒரே நாளில் அடைத்திருக்கக்கூடிய சிறு குழி, முடிவில் பல்லைப் பிடுங்குவதில் முடிகிறது.

உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேர் வாய்நோய்களால் பீடிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் அறிவித்தது. ஆயினும், "ஜனங்கள் பல் வைத்தியம் கேட்பதில்லையே" என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்குப் பிரிட்டனின் அனுபவமே விடை. அங்கு 1948-ல் பல் வைத்தியம் இலவசமாக்கப்பட்டவுடன், மதிப்பிட்டதற்கு மேலாக ஜனங்கள் திரண்டனர். செலவு தாங்காமல் 1951-ல் பொய்ப்பற்களுக்குக் கட்டணம் விதிக்க நேர்ந்தது. நோய் இல்லாமலில்லை, வழியில்லாமையால் மறைந்தே கிடந்தது.

நம் நாட்டில் பல் வைத்தியர் சட்டம் 1948-ல் பிறந்தது. இன்று பல் வைத்தியக் கல்லூரிகள் முந்நூறுக்கு மேல் உள்ளன. 2014-ல் தேசிய வாய்நலத் திட்டமும் தொடங்கப்பெற்றது. எனினும் பல் வைத்தியர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே குவிந்திருக்கின்றனர். கூலிவேலை செய்யும் கிராமவாசி ஒரு நாள் கூலியையும் பஸ் சத்தத்தையும் இழந்தாலன்றி வைத்தியரைக் காண இயலாது. ஆதலின் அவன் வலி பொறுக்கவொண்ணாத வரை பொறுக்கிறான். இதை அவனுடைய அசிரத்தையென்று பழிப்பது நியாயமாகுமா?

ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் பல் வைத்தியர் வரும் நாள் குறிக்கப்படல் வேண்டும். பள்ளிக் குழந்தைகளின் பற்களை ஆண்டுதோறும் சோதித்து, குழி கண்டவிடத்து உடனே அடைத்தல் வேண்டும். புளோரைடு கலந்த பற்பசையால் தினம் இருவேளை துலக்குதல், இனிப்பைக் குறைத்தல், புகையிலையை ஒழித்தல் ஆகியவற்றை ஊர்தோறும் எடுத்துரைப்பது தொண்டர் கடமை.

பல் போனால் சொல் போச்சு என்பர். சொல்லையே கருவியாய்க் கொண்டு ஜனங்களிடம் செல்வோர், அந்த ஜனங்களின் வாய்நோவைக் கேளாதிருத்தல் தகாது. வலி அழைக்குமுன் வைத்தியம் செல்லட்டும்.