பிள்ளையின் பசியைப் பிள்ளையிடமே கேட்போம்

நடவு நாட்களில் ஏலாக்குறிச்சி போன்ற கொள்ளிடக்கரை ஊர்களில் தாய்மார்கள் விடியும் முன்பே வயலுக்குக் கிளம்புகிறார்கள். பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் 8 கேள்விகளும் 15 வயது நிரம்பியவர்களிடம்தான் கேட்கப்படுகின்றன. தேசிய குடும்பநல ஆய்வு எடை, உயரம் பார்ப்பது 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும்தான். இடைப்பட்ட வயதினர் விடுபட்டுப் போகிறார்கள். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஆறாம் வகுப்புக்குப் போனால் மதியச் சத்துணவு உண்டு, காலை வீட்டைப் பொறுத்தது.

வீட்டில் அரிசி இருக்கிறது என்று பெற்றோர் சொல்வது பொய்யல்ல, சமைக்கத்தான் ஆளில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவினர் நடவு, அறுவடை வாரங்களில் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று மாணவர்களிடமே தனித்தனியாக, பெயர் எழுதாமல் கேட்டுக் குறித்து வைக்கலாம்.